தவணை நாளின் மனக்கணக்கு

ஏழைகள் யோசிக்காமல் செலவு செய்கிறார்கள் என்பது வசதி உள்ளவர்களின் பழைய புகார். ஹைதராபாத்திலும் விழுப்புரத்திலும் நடந்த ஆய்வுகள் அந்தப் புகாரைத் திருப்பிப் போட்டுக் கேட்கின்றன: யோசிப்பதற்கு அவர்கள் மனதில் இடம் மிச்சம் இருக்கிறதா?

வாரத்தில் ஒரு நாள், காலை வேளை. ஹைதராபாத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பெண்கள் வரிசையாக வந்து உட்காருகிறார்கள். கடன் நிறுவனத்தின் ஊழியர் நோட்டைத் திறக்கிறார். ஒவ்வொரு பெண்ணும் முந்தானை முடிச்சிலிருந்தோ சின்ன பர்ஸிலிருந்தோ பணத்தை எடுத்து எண்ணி வைக்கிறார். பத்தே நிமிடம். கூட்டம் கலைந்துவிடுகிறது.

2005க்குப் பிறகான ஆண்டுகளில் அந்த நகரத்தின் நூற்றுக்கணக்கான தெருக்களில் இது வாடிக்கையான காட்சி. ஸ்பந்தனா என்ற நிறுவனம் அப்போது கொடுத்து வந்த முதல் கடன் பத்தாயிரம் ரூபாய். வட்டி 12 சதவிகிதம். அசல் குறையக் குறைய வட்டி குறையாத கணக்கு என்பதால் உண்மையில் அது ஏறத்தாழ 24 சதவிகிதம். ஐம்பது வாரத்தில் கட்டி முடிக்க வேண்டும். கூட்டிப் பெருக்கினால் வாரத்துக்கு 224 ரூபாய். ஆறிலிருந்து பத்துப் பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் தலையில் விழும்.

224 ரூபாய் பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். ஆனால் அது எங்கிருந்து வரும் என்ற யோசனை தவணை நாளன்று காலையில் தொடங்குவதில்லை. முந்தைய தவணை கட்டி முடித்த மறுநிமிடமே தொடங்கிவிடுகிறது. புருஷனுக்கு இந்த வாரம் எத்தனை நாள் வேலை, தைத்துக் கொடுத்த ரவிக்கைக்குக் கூலி எப்போது வரும், பக்கத்து வீட்டில் போன வாரம் வாங்கிய ஐம்பதைத் திருப்பிக் கேட்பார்களா, குழுவில் இருக்கும் மற்ற பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது. அரிசி களையும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இந்தக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கணக்கு ஓடும்போதே, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தைப் படிக்காமல் வைத்துவிடுகிறார். மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது ஞாபகத்துக்கு வரவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கடைசித் தேதி போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவர் அக்கறை இல்லாதவர், மறதிக்காரி. "இவங்களுக்கு என்ன செஞ்சாலும் இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு சரியா என்பதை இரண்டு துறைகள் வெகுகாலமாக விசாரித்து வருகின்றன. ஒன்று தத்துவம். மற்றொன்று மனோதத்துவம்.

அடிமையும் ஆசானும்

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் அடிமையாக வாழ்ந்து பிறகு விடுதலை பெற்றவர் எபிக்டெடஸ். கால் ஊனமுற்றவர். அவருடைய போதனையின் சாரம் எளிது. உலகில் சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. பணம், பதவி, உடம்பு, ஊராரின் பேச்சு நம் கையில் இல்லை. அவற்றைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பது மட்டும் நம் கையில். அதைச் சரியாக வைத்துக்கொண்டால் யாரும் நம்மை அசைக்க முடியாது. கவலையைக் குறைக்க இன்றைய மனோதத்துவ நிபுணர்கள் கையாளும் பேச்சு முறைச் சிகிச்சைக்கு வித்திட்டவர்களில் இவரும் ஒருவர். அந்தச் சிகிச்சையின் முன்னோடிகளே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அவருக்கு நானூறு ஆண்டுகள் முந்திய அரிஸ்டாட்டில் இவ்வளவு தூரம் போகவில்லை. நல்வாழ்வுக்கு அறமும் அறிவும்தான் அடிப்படை என்று சொன்ன அவர், கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தார். கொஞ்சமாவது புறப்பொருள் வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாதவன் நல்ல காரியங்களைச் செய்வது கடினம்.

திருவள்ளுவர் இந்த விவகாரத்தில் அரிஸ்டாட்டில் பக்கம். நல்குரவு என்ற அதிகாரத்தில் அவர் வறுமையின் துன்பத்தைப் பட்டியல் போடுவதோடு நிற்கவில்லை. வறுமை மனதை என்ன செய்கிறது என்று கவனிக்கிறார். 1044ஆவது குறளின் கருத்து இது: நல்ல குடியில் பிறந்தவரிடத்திலும் வறுமை ஒரு சோர்வை உண்டாக்கும்; அந்தச் சோர்வில் இழிவான சொல்கூடப் பிறந்துவிடும். தளர்ச்சி, மறதி, தவறுதல் எல்லாமே 'சோர்வு' என்ற சொல்லுக்குள் அடக்கம். குணம் கெட்டதால் வறுமை வந்தது என்று அவர் சொல்லவில்லை. வறுமை வந்ததால் குணத்தில் ஒரு சறுக்கல் என்கிறார். 1049ஆவது குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நெருப்புக்கு நடுவில்கூட ஒருவன் தூங்கிவிடலாம், வறுமைக்கு நடுவில் கண்மூட முடியாது என்பது அதன் பொருள்.

கவிஞர்களின் மிகைப்படுத்தல் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தியாவிலேயே நடந்த சில ஆய்வுகள் அப்படி ஒதுக்க விடவில்லை.

104 குடியிருப்புகள்

ஹைதராபாத் ஆய்வை நடத்தியவர்கள் பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, ரேச்சல் க்ளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன். முதல் இருவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். நகரின் 104 ஏழைக் குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி அவற்றில் 52இல் மட்டும் ஸ்பந்தனா முதலில் கடன் கொடுக்கத் தொடங்கியது. ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு வகைக் குடியிருப்புகளிலும் சுமார் 6,800 குடும்பங்களைப் பேட்டி கண்டு ஒப்பிட்டார்கள்.

சிறுகடன் வந்தால் வறுமை ஓடிவிடும் என்று அப்போது ஒரு கட்சி பேசிக்கொண்டிருந்தது. சிறுகடன் ஏழையைக் குடிக்கும் கும்மாளத்துக்கும் தள்ளும் என்றது எதிர்க்கட்சி. 2015இல் வெளியான முடிவுகள் இருவரையும் ஏமாற்றின. குடும்பங்களின் மொத்தச் செலவு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பிலோ உடல்நலத்திலோ வீட்டில் பெண்களின் செல்வாக்கிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. கடன் கிடைக்கிறது என்றதும் எல்லோரும் ஓடி வரவும் இல்லை. கடன் வந்த பகுதிகளிலேயே நுண்கடன் வாங்கியிருந்த குடும்பங்கள் ஏறத்தாழ கால் பங்குதான்.

ஆனால் செலவின் உள்விவரம் மாறியிருந்தது. நீண்ட நாள் உழைக்கும் சாமான்களை வாங்குவது கூடியிருந்தது. மது, புகையிலை, வெற்றிலை, சூதாட்டம், வெளியில் வாங்கித் தின்பது ஆகியவற்றுக்கான செலவு குறைந்திருந்தது. நிபுணர்கள் இவற்றை 'சபலச் செலவு' என்று வகைப்படுத்துகிறார்கள். யாரும் பிரசாரம் செய்து இது குறையவில்லை. எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் ஒரு பொருள் தெரிந்தது. அதற்காக வாயைக் கட்டினார்கள்.

அதே நகரத்தின் ஏழைக் குடும்பங்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது: உங்கள் செலவில் எதையாவது குறைக்க விரும்புகிறீர்களா? விரும்புவதாகச் சொன்னவர்களின் பதிலில் மதுவும் புகையிலையும் முதலிடம் பிடித்தன. சர்க்கரை, டீ, நொறுக்குத் தீனியும் பட்டியலில் இருந்தன. ஈரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் நகரத்தின் பெருமை என்று சுற்றுலாக்காரர்கள் புகழும் ஊரில், ஒரு கப் டீயைக் குறைக்க வேண்டும் என்று மனதுக்குள் போராடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. எது வீண் செலவு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அறிவுக் குறைவு இங்கே பிரச்சினை இல்லை.

அப்படியானால், தெரிந்த ஒன்றைச் செய்ய முடியாமல் போவது ஏன்? அதற்கான விடையைத் தேடிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டின் கரும்புத் தோட்டங்களில் நடந்தது.

வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

கரும்பு விவசாயிக்குக் காசு வருவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தடவை. வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் வந்ததும் அவர் பணக்காரர். அடுத்த வெட்டு நெருங்கும்போது ஏழை. ஆளும் அதே ஆள்தான், படிப்பும் புத்தியும் அதேதான். ஏழையையும் பணக்காரனையும் ஒப்பிட இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. ஆலையால் எல்லோருடைய கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க முடியாது. கட்டிங் ஆர்டர் ஒருவருக்கு முன்பும் ஒருவருக்குப் பின்பும் வரும். ஆகையால் ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்து வயல்காரர் கையில் இருக்காது. வெயிலோ பண்டிகையோ காரணம் என்று சொல்ல முடியாது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்தார்கள். அறுவடைக்கு முன் அவர்களில் 78 சதவிகிதத்தினர் நகையோ பாத்திரமோ அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 சதவிகிதம். முன்பு கடன் இல்லாதவரைப் பார்ப்பதே அரிது. பின்பு கடன் இருந்தவர் 13 சதவிகிதம்.

இரண்டு முறையும் அவர்களுக்குச் சின்னப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. '5 5 5' என்று காட்டி, எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று கேட்பது மற்றொன்று. மூன்று என்று சொல்ல வேண்டும். நாக்கு ஐந்து என்று சொல்லத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதற்குத்தான் மனக்கட்டுப்பாடு தேவை. அறுவடைக்குப் பின் வடிவப் புதிரில் சரியான விடைகள் ஏறத்தாழ கால் பங்கு அதிகம். இலக்கப் புதிரிலும் வேகம் கூடியது, தவறுகள் குறைந்தன. 2013இல் 'சயன்ஸ்' இதழில் இந்த ஆய்வு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

டேனியல் கானெமன் என்ற மனோதத்துவ நிபுணர் 1973லேயே சொல்லியிருந்த ஒரு கருத்தோடு இது பொருந்துகிறது. கவனம் என்பது ஓர் எல்லைக்கு உட்பட்ட கையிருப்பு. ஒரு காரியத்துக்குச் செலவழித்ததை இன்னொன்றுக்குச் செலவழிக்க முடியாது. குடம் நிறையக் கவலை இருந்தால் மேலே ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடும். பொருளாதாரத்துக்காக 2002இல் நோபல் பரிசு பெற்ற கானெமன் 2024இல் காலமானார்.

முல்லைநாதனும் ஷஃபீரும் பிறகு எழுதிய நூலில் இன்னொன்றையும் சுட்டிக்காட்டுகிறார்கள். பற்றாக்குறை மனதை மழுங்கடிப்பது மட்டும் இல்லை, ஒரு பக்கம் கூர்மையாக்கவும் செய்கிறது. வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டிய மாதிரி. நேர் எதிரே இருக்கும் பாதை துல்லியமாகத் தெரியும். தவணைப் பணத்தை எப்படிப் புரட்டுவது என்பதில் அந்த ஹைதராபாத் பெண் எந்தக் கணக்காளரையும் தோற்கடித்துவிடுவார். பக்கவாட்டில் இருக்கும் மாத்திரையும் பள்ளிக்கூடக் கடிதமும்தான் கண்ணில் படாது.

சென்னை கோயம்பேடு சந்தைச் சிறு வியாபாரிகளை அவர்கள் உதாரணமாகக் காட்டுகிறார்கள். காலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினால் மாலையில் ஐம்பது ரூபாய் சேர்த்துத் திருப்ப வேண்டும். ஆண்டுக்கணக்காக இதே சுழற்சி. தினமும் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்தால் சில வாரங்களில் கடனே தேவைப்படாது என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஓர் ஆய்வில் சில வியாபாரிகளின் கடனை முழுக்க அடைத்தே பார்த்தார்கள். பெரும்பாலோர் விரைவிலேயே மீண்டும் கடனுக்குள் விழுந்தார்கள். ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்தால் தாங்குவதற்கு மிச்சம் மீதி இல்லாத வாழ்க்கையில், ஒரு தடவை கைதூக்கிவிடுவது போதவில்லை.

இந்த ஆய்வுகளுக்கு மறுப்பும் உண்டு. புள்ளிவிவரத்தைக் கையாண்ட முறையில் குறை கண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைத் தொழிலாளர்களைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, அறிவுத் திறனில் வித்தியாசம் எதையும் காணவில்லை. மாதச் சம்பளத்தின் கடைசி வாரமும், ஓராண்டு காத்திருக்கும் விவசாயியின் கடைசி மாதமும் ஒன்றா என்று பதிலுக்குக் கேட்கலாம். கவலை புத்தியை எவ்வளவு தின்னும் என்ற அளவில் சர்ச்சை தொடர்கிறது. கவலை மனதில் இடம் பிடிக்கிறது என்பதை மறுப்பவர்கள் குறைவு.

தேதியை மாற்றினால் போதும்

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வறுமையை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. கவலையின் தேதியை மாற்ற முடியும்.

கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டும் ரோஹிணி பாண்டேயும் சகாக்களும் நடத்திய சோதனையில், 200 நுண்கடன்காரர்களில் சிலருக்கு வாரத் தவணை, சிலருக்கு மாதத் தவணை. தவணைக் கெடுவைத் தவிர ஒப்பந்தத்தில் வேறு வித்தியாசம் இல்லை. கடனைக் கட்டுவது பற்றிக் கவலையாக, பதற்றமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் மாதத் தவணைக்காரர்களில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டார்கள். 2012இல் வெளியான முடிவு இது.

ஆந்திராவுக்கு இந்தப் பாடம் வேறு விதமாக, மிகக் கசப்பாக வந்து சேர்ந்தது. ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. வசூல் நெருக்கடி முற்றியது. தற்கொலைச் செய்திகள் வரிசையாக வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. வீட்டு வாசலில் வசூல் செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தது, வாரத் தவணைக்குப் பதிலாக மாதத் தவணை என்றும் விதிக்கப்பட்டது. திருப்பிக் கட்டுவதே நின்றுபோய் மாநிலத்தில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது தனிக்கதை. 2011இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளில், வாரமா, இரு வாரமா, மாதமா என்று தவணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் வாங்குபவருக்குக் கிடைத்தது.

பத்தே ஆண்டுகளில் அதே பிசாசு கைபேசிக்குள் புகுந்து வந்தது. 2020 டிசம்பரில் ஹைதராபாத் போலீஸார் உடனடிக் கடன் செயலிகளை நடத்தியவர்களைக் கைது செய்தார்கள். சில நாள் கெடு. தவறினால் கடன் வாங்கியவரின் கைபேசியில் இருந்த உற்றார் உறவினர் எண்களுக்கெல்லாம் அவமானப்படுத்தும் அழைப்புகள். இந்தத் தடவை சிக்கியவர்களில் படித்தவர்களும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். வாரம் ஒருமுறை வாசலில் வந்த கவலை நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப் பையில் ஒலித்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிமுறை வெளியிட்டது.

வள்ளுவர் சொன்ன தூக்கம்

நெருப்பில் தூங்கலாம், வறுமையில் தூங்க முடியாது என்ற குறளுக்கு உரை எழுதியது போல இன்னோர் ஆய்வு, சென்னையில். அங்குள்ள ஏழைத் தொழிலாளர்கள் 452 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி அவர்கள் உறக்கம் அளக்கப்பட்டது. படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம். உண்மையில் உறங்கியது ஐந்தரை மணி நேரம். இடையிடையே விழிப்புத்தான்.

மெத்தை, மின்விசிறி, காதடைப்பான் எல்லாம் கொடுத்ததில் இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத் திறனிலோ மனநலத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை. வேலை இடத்திலேயே அமைதியான ஓர் இடத்தில் பகலில் அரைமணி நேரம் தூங்க விட்டபோது கவனம், வேலைத் திறன், மனநிறைவு எல்லாம் மேம்பட்டன. வேலையிலிருந்து அரைமணி போனதால் வருமானத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு என்பதையும் 2021இல் வெளியான அறிக்கை மறைக்கவில்லை. விழித்துக்கொண்டே படுத்திருக்கும் இரவைவிட, நிம்மதியான அரைமணிப் பகல் மதிப்பு மிக்கது என்பது தெரிந்தது.

ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த சோதனை இன்னும் நேரடியானது. எத்தனை தட்டோ அத்தனை கூலி. தர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்குச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். அதிகப்படியாக ஒரு பைசா தரவில்லை. பணம் கைக்கு வந்த பிறகு அவர்கள் தைத்த தட்டுகள் சுமார் 7 சதவிகிதம் கூடின. தையலில் கவனப்பிசகும் குறைந்தது. வீட்டுக் கடனைக் கொஞ்சம் அடைத்துவிட்டு வந்த கை, இலையை மட்டும் பார்த்தது.

மருந்தும் வசவும்

எபிக்டெடஸ் சொன்னது அப்படியானால் பொய்யா? இல்லை. கையில் இல்லாததை நினைத்து மறுகாதே என்ற அறிவுரை, தூக்கம் வராத இரவில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது அருமையான மருந்து. வசதி உள்ளவர் வசதி இல்லாதவரைப் பார்த்துச் சொன்னால் அதுவே வசவு. தவணை கட்டுபவரின் கையில் இருப்பது அவருடைய மனம் மட்டும்தான். தவணைத் தேதி கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது. சம்பளத் தேதி முதலாளி கையில் இருக்கிறது. எது யார் கையில் என்று பிரித்துப் பார்க்கச் சொன்ன தத்துவத்தை முழுக்கக் கடைப்பிடித்தால், அந்த இரண்டு பேரிடமும் கேள்வி கேட்டாக வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கும் இதில் சொந்தப் பாடம் உண்டு. வீட்டுக் கடன், வண்டிக் கடன், கிரெடிட் கார்டு என்று மூன்று நான்கு தேதிகளுக்கு நடுவே ஓடும் குடும்பங்களில் மாதக் கடைசியில் சண்டை வருவதும் பிள்ளைக்கு அடி விழுவதும் தற்செயல் இல்லை. நிபுணர்கள் சொல்லும் யோசனைகளில் மந்திரம் எதுவும் கிடையாது. கட்ட வேண்டியவற்றைச் சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்வது. இன்ஷூரன்ஸ், பிள்ளையின் கல்லூரி, நிலம் வாங்குவது போன்ற பெரிய தீர்மானங்களைப் பணமுடை நாட்களில் எடுக்காமல் தள்ளிப் போடுவது. மறந்துவிடும் என்று தெரிந்ததை நினைவில் சுமக்காமல் நாட்காட்டியில் எழுதி மாட்டுவது. கையில் காசு இருக்கும் நாளில் அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம் போட்டு வைக்கும் பாட்டிமார்கள் இந்த மனோதத்துவத்தைப் படிக்காமலே கடைப்பிடித்தார்கள். அந்தப் பணம் கவலைக்கு ஒரு சின்ன இடைவெளி கொடுத்தது.

இன்னொரு தேதியும் இருக்கிறது. ஹைதராபாத்தின் புதிய அடுக்குமாடிகளிலும் சென்னையிலும் மும்பையிலும் டில்லியிலும் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கப்படுகிறது? ஒன்றாம் தேதியா, வீட்டுக்காரர்களுக்கு ஞாபகம் வரும் பத்தாம் தேதியா? தொகை ஒன்றுதான். நடுவில் இருக்கும் ஒன்பது நாட்களில் அவர் பாத்திரத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை, சொன்னதை மறந்துவிட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று புகார் எழலாம். புகாரைச் சொல்வதற்கு முன் நாட்காட்டியை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.